கை காட்டிய இடத்தில் நின்ற பஸ்

திங்கட்கிழமை மதியம் இரண்டு பத்துக்குக் கரியாலூர் நிறுத்தத்தில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தபோது என் மனைவி தெரசா போன் செய்தாள். வண்டியில் இருக்கும்போது நான் போனைத் தொடுவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதனால் நேராகக் கண்டக்டர் தங்கதுரையின் எண்ணுக்கே அடித்துவிட்டாள்.

"அண்ணே, அண்ணி பேசுது. ஒரே கத்தலு. எனக்கு இன்னான்னே வெளங்கல," என்று தங்கதுரை போனை என் காதோடு வைத்து அழுத்தினான்.

"வந்துடுச்சுங்க! மெசேஜு வந்துடுச்சு! வியாழக்கெழம காலைல ஒம்பதரைக்கு டெஸ்ட்டு! திருக்கோவிலூராண்ட!"

"எந்த வியாழக்கெழம?"

"இந்த வியாழக்கெழமதான். மொதல்ல சந்தோசப்படுங்க, அப்பறமா தேதி கேளுங்க."

சந்தோஷப்பட்டேன். ஹாரனை ஒரு முறை தேவையில்லாமல் அடித்தேன். டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் பஸ் கிளம்பிவிட்டது என்று நினைத்துக் கிளாஸோடு ஓடி வந்தார்கள்.

என் பெயர் ஆரோக்கியதாஸ். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், வடக்கனந்தல், கரியாலூர் வழியாக வெள்ளிமலை போகும் 'எழில்மதி' என்ற தனியார் பஸ்ஸுக்குப் பதினோரு வருடமாக நான்தான் டிரைவர். எழில்மதி எங்கள் முதலாளி தெய்வசிகாமணியின் மகள். அந்தப் பெண் கல்யாணமாகி பெங்களூருக்குப் போய் ஏழு வருடமாகிறது. பெயர் மட்டும் முன்கண்ணாடிக்கு மேலே தினமும் மலை ஏறி இறங்குகிறது.

அரசு பஸ்ஸுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரசாதான் போன வருடம் கண்டுபிடித்தாள். அவள் கள்ளக்குறிச்சியில் ஒரு பிரௌசிங் சென்டரில் வேலை செய்கிறாள். ஊருக்கே விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறவள், என்னைக் கேட்காமலே எனக்கும் ஒன்று போட்டுவிட்டாள். டிரைவர் வேலையும் கண்டக்டர் வேலையும் சேர்ந்த ஒரே பதவி. அதற்காக நான் கண்டக்டர் லைசென்ஸும் எடுத்தேன். எழுத்துத் தேர்வும் முடிந்துவிட்டது. பாக்கி, வண்டி ஓட்டிக் காட்டுவது ஒன்றுதான். எனக்கு இது கடைசி வாய்ப்பு. அடுத்த முறை ஆள் எடுக்கும்போது எனக்கு வயது தாண்டிவிடும்.

எழில்மதியில் எனக்கு என்ன குறை என்று கேட்டால், அடி வாங்கவில்லை, பட்டினி கிடக்கவில்லை. வார விடுமுறை மட்டும் கிடையாது. இரவு வண்டி வெள்ளிமலையிலேயே நிற்பதால் மாதத்தில் ஏழெட்டு நாள்தான் வீட்டில் படுப்பேன். மலைக்குக் கீழே, முன்னால் போகிற பஸ் மூன்று நிமிடம் தாமதித்தால் அவன் ஆட்களை நான் ஏற்றிவிட்டேன் என்று சண்டை, நான் தாமதித்தால் முதலாளியிடமிருந்து போன். நடுவில் அவர் வீட்டுப் பால் கேன்களை ஏற்றி இறக்குவதும் என் தலையில்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் முதலாளியிடம் டிரைவராகச் சேர்ந்தால் அசல் லைசென்ஸை அவர் ஆபீஸ் பீரோவில் வைத்துவிட வேண்டும். நம்மிடம் இருப்பது நகல்தான். வேறு பஸ்ஸுக்கு ஓடிவிடக் கூடாது என்பதற்காக அவர் அப்பா காலத்தில் தொடங்கிய பழக்கம். புதுப்பிக்கும்போது மட்டும் அரை நாள் கைக்கு வரும். தேர்வுக்கோ அசல் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் ஆபீஸுக்குப் போய், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு, தேர்வையும் லைசென்ஸையும் குறிப்பிட்டு ஒழுங்காக எழுதிய விடுப்புக் கடிதத்தை மேஜைமேல் வைத்தேன்.

"இன்னாப்பா இது?"

"லீவு லெட்டரு மொதலாளி."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் படித்தார். "'தாங்கள் தயைகூர்ந்து'... அடேங்கப்பா! என் அம்பது வருச சர்வீஸ்ல டிரைவரு லீவு லெட்டரு குடுத்து இன்னிக்குத்தான் பாக்கறேன். எல்லாரும் போன சுவிட்ச் ஆப் பண்ணிட்டுத்தான் லீவு போடுவானுங்க."

பிறகு தேதியைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"வியாழக்கெழமயா? அன்னிக்கி மலைல கோடை விழாப்பா! ஜனம் எப்டி ஏறும்னு தெரியுமில்ல? மத்த நாளு போ, வேணாங்கல."

"தேதி நான் வெச்சதில்ல மொதலாளி. மொத டிரிப்ப எறக்கிட்டுப் போறேன். சாயங்காலம் நாலு நாப்பது டிரிப்புக்கு வந்துடறேன். நடுவுல மட்டும் ஆக்டிங் டிரைவரு போடுங்க. ராசு வரேன்னு சொல்லிருக்கான்."

"லாரி ஓட்றவன் வளைவு ஏறுவானா?"

"ஏறுவேன்னுதான் சொல்றான்."

வெகு நேரம் யோசித்துவிட்டு பீரோவைத் திறந்து, ரப்பர் பேண்ட் போட்ட லைசென்ஸ் கட்டிலிருந்து என்னுடையதை உருவினார். கொடுக்கவில்லை. இரண்டு விரலில் பிடித்துக்கொண்டே பேசினார்.

"பாஸாவுறியோ பெயிலாவுறியோ, வியாழக்கெழம சாயங்காலம் இது திரும்பி எங்கையில இருக்கணும். இன்னா?"

நான் தலையை ஆட்டினேனா இல்லையா என்று எனக்கே நினைவில்லை. வெளியே வந்ததும் தங்கதுரையிடம் கேட்டேன்.

"நீங்க ஆட்டல. வெளக்கெண்ண குடிச்சவன் மாரி நின்னுக்கினு இருந்தீங்க," என்றான்.

வியாழக்கிழமை காலை ஐந்து இருபதுக்கு வெள்ளிமலையிலிருந்து கிளம்பினோம். கூரைமேல் பலாப்பழம், உள்ளே நாற்பது பேர். ஏழே முக்காலுக்குள் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் நின்றால் போதும். தெரசா ஸ்கூட்டியோடு காத்திருப்பாள். ஒன்றரை மணி நேரத்தில் திருக்கோவிலூர். என் கணக்கு சரியாக இருந்தது.

தங்கதுரை சும்மா இருந்திருக்கலாம். முதல் நிறுத்தத்திலேயே அறிவித்துவிட்டான். "இன்னிக்கி நம்ம டைவரு பரிட்சைக்குப் போறாரு! சில்லறையக் கையில வெச்சிக்கோங்க, கூடைய வழியில வெக்காதீங்க, சீக்கிரம் ஏறுங்க!"

"இன்னா பரிட்ச?"

"கவர்மெண்டு பஸ்ஸு ஓட்ட."

"அப்ப நாளைலருந்து நமக்கு யாரு ஓட்டுவான்?" என்று கேட்டார், தினமும் கடுக்காய் மூட்டையோடு வரும் காசிநாதன்.

"அத அப்பறமா பாத்துக்கலாம். நீ மொதல்ல ஏறு."

அதற்குப் பிறகு என் அவசரத்தைப் பஸ்ஸே எடுத்துக்கொண்டது. மூட்டைகளைக் கை மாற்றிக் கை மாற்றி உள்ளே இழுத்தார்கள். இறங்க வேண்டியவர்கள் இரண்டு வளைவுக்கு முன்பே வந்து படியில் நின்றார்கள். இரண்டு ரூபாய் மீதிக்காக வாரம் முழுக்கச் சண்டை போடுகிற ஒரு அம்மா, "இருக்கட்டும், டைவரு பாஸாவட்டும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனதைத் தங்கதுரை இன்றைக்கும் நம்பவில்லை.

கெடுத்தது நான்தான். மலைச் சாலையில் நிறுத்தம் என்று எழுதியிருக்கிற இடத்தைவிட ஆள் கை காட்டுகிற இடம்தான் அதிகம். ஒற்றையடிப் பாதை வந்து சேர்கிற இடமெல்லாம் யாராவது நிற்பார்கள். எங்கள் பஸ்ஸை விட்டால் இரண்டு மணி நேரத்துக்கு அடுத்தது கிடையாது. பதினோரு வருடமாகக் கை தெரிந்தால் என் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும்.

"நிக்காதண்ணே!" என்று தங்கதுரை கத்துவான். நான் அதற்குள் நின்றிருப்பேன்.

"யோவ் டைவரே, நீ பரிட்சைக்குப் போறியா, திருவிழாவுக்கு ஆளு சேக்கறியா?" என்றார் காசிநாதன்.

"போற வழிதானுங்க."

"எல்லாரும் போற வழியிலதான்யா நிப்பான். போவாத வழியிலயா வந்து நிப்பான்?"

கள்ளக்குறிச்சியில் நின்றபோது மணி எட்டு நாலு. சாவியை ராசுவின் கையில் கொடுத்தேன். "மூணாவது வளைவுல மட்டும்..." என்று ஆரம்பித்தேன். "எல்லாம் தெரியும், நீ போ," என்று ஏறி உட்கார்ந்தான். தெரசா ஸ்கூட்டியை அணைக்காமல் வைத்திருந்தாள். ஹேண்டிலில் வெள்ளைச் சட்டை தொங்கியது, முன்னால் சான்றிதழ் பை.

"ஏறுங்க. சட்டைய அங்க போய் மாத்திக்கலாம்."

"நான் ஓட்டறேன் குடு."

"நீங்க கை காட்டறவங்களையெல்லாம் இதுலயும் ஏத்துவீங்க. பின்னால ஒக்காருங்க."

என் வாழ்க்கையில் நான் அப்படிப் பயந்ததில்லை. தியாகதுருகம் வரை லாரிகளுக்கு நடுவில் புகுந்து புகுந்து போனாள். பின்னால் உட்கார்ந்து வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன்.

"கால எடுங்க! அது ஒடஞ்சி வந்துடும்!"

"ஏய், லாரி... லாரி..."

"லாரி எனக்கும் தெரியுது! வாய மூடிக்கினு ஜெபம் பண்ணுங்க!"

ஒன்பது இருபத்தாறுக்குத் தேர்வுத் தளத்தின் வாசலில் நின்றோம். சட்டையை மாற்றிக்கொண்டு ஓடினேன். வாசலில் இருந்த கிளார்க் லைசென்ஸைக் கேட்டார். கொடுத்தேன். எண்ணைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "பத்திரமா வெச்சிக்கோங்க," என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு ஒரு கணம் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு சட்டைப் பையில் வைத்துப் பட்டனைப் போட்டேன்.

தேர்வு நடத்தியவர் அருள்மொழி என்ற பொறியாளர். ஐம்பது வயது இருக்கும். அதிகம் பேசாத அம்மாள். கையில் அட்டை, அதில் ஒரு தாள், ஒரு பேனா. எங்கள் குழுவில் ஏழு பேர். முதலில் கம்புகளுக்கு நடுவில் வளைந்து பின்னால் எடுப்பது. முடித்தேன். அடுத்தது ஏற்றம். சரிவில் பஸ்ஸை நிறுத்தி, பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி ஒரு செங்கல்லை நிமிர்த்தி வைப்பார்கள். வண்டியை எடுக்கும்போது பின்னால் நகர்ந்து கல் விழுந்தால் மார்க் போச்சு.

எனக்கு முன்னால் போன மூவரில் இருவருக்குக் கல் விழுந்தது. நான் எடுத்தபோது அது அப்படியே நின்றது. அருள்மொழி அம்மாள் கீழே குனிந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"எந்த ரூட்ல ஓட்டறீங்க?"

"கள்ளக்குறிச்சி, வெள்ளிமலைங்க மேடம்."

"ம்," என்றார். எழுதினார். வேலிக்கு வெளியே நின்ற தெரசாவைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவள் இரண்டு கட்டைவிரலையும் காட்டினாள்.

மிச்சம் சாலையில் ஓட்டுவது. தியாகதுருகம் சாலையில் மூன்று கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். அம்மாள் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். மற்ற ஆறு பேரும் பின்னால். தேர்வு வண்டி ஒரு பழைய அரசு பஸ். ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி திரும்பியது. இரண்டாவது கியர், மூன்றாவது கியர், கண்ணாடி, வேகம் எல்லாம் சரி. இன்னும் ஐந்தே நிமிடம்.

புளியமரத்தடியில் ஓர் அம்மாள் கீரைக்கூடையோடு நின்று கை காட்டினார்.

நான் நினைத்துச் செய்யவில்லை. இடப்பக்கச் சிக்னல் போட்டேன், கண்ணாடியைப் பார்த்தேன், மெதுவாகப் பிரேக் பிடித்தேன், அந்த அம்மாள் நின்ற இடத்துக்கு நேராகப் படி வருகிற மாதிரி நிறுத்தினேன். பின்னால் இருந்தவர்களில் ஒருவர்கூட ஆடவில்லை. அந்த அம்மாள் ஏறி, கூடையை வைத்து, மூன்றாவது சீட்டில் உட்கார்ந்தும்விட்டார்.

அட்டைமேல் இருந்த பேனா நின்றது.

"ஏன் நிறுத்தினீங்க?" என்றார் அருள்மொழி அம்மாள்.

"கை காட்னாங்க மேடம்."

"இது ஸ்டாப்பா?"

"இல்லீங்க மேடம்."

"இது பேசஞ்சர் வண்டியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ரிஷிவந்தியம் ஒண்ணு குடுப்பா," என்றார் கீரைக்கார அம்மாள். "எனக்கு ஃப்ரீ டிக்கெட்டுதான? இன்னா எல்லாரும் இப்டிப் பாக்கறீங்க?"

பின்னால் ஆறு பேரும் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் எழுந்து போனேன்.

"அம்மா, இது டெஸ்ட்டு வண்டிம்மா. நான் பரிட்சைக்கி வந்தவன்."

"பரிட்சையா? இந்த வயசுலயா?"

"ஆமாம்மா."

"அப்ப ஏன் நிறுத்தன?"

"அதத்தான் அவங்களும் கேக்கறாங்க."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், அட்டையோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். புரிந்துவிட்டது. எழுந்து நின்று, "அம்மாடி, கை காட்டுனது நான். ஆயம்மாளு என் பேரு, வேணும்னா எழுதிக்கோ. அந்தப் புள்ள மேல தப்பு போடாத," என்றார்.

"நீங்க உக்காருங்கம்மா," என்ற அருள்மொழி அம்மாள் என்னிடம் திரும்பினார். "ஏத்தினவரை நடுரோட்டில இறக்க வேண்டாம். அடுத்த ஸ்டாப்பில இறக்கிவிட்டுட்டுத் திருப்புங்க."

அடுத்த நிறுத்தம் வரை ஓட்டினேன். கூடையை நானே இறக்கி வைத்தேன். அவருடைய இரண்டு காலும் தரையில் பட்டதைப் பார்த்த பிறகு கதவைச் சாத்தினேன். திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தப் பேனா எழுதிக்கொண்டே இருந்தது. தளத்தில் இறங்கியதும் கேட்டேன்.

"போச்சுங்களா மேடம்?"

"ரிசல்ட் வரும்," என்றார். அவ்வளவுதான்.

தெரசாவிடம் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் ஸ்கூட்டியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"சரி, அந்தம்மாவுக்கு டிக்கெட்டு குடுத்தீங்களா?"

"மெஷினு இல்ல. இருந்தா குடுத்துருப்பேன்."

அவளுக்கு மறுபடி சிரிப்பு. எனக்கும் வந்துவிட்டது. வயது தாண்டப்போகிற ஒருவன் கடைசி வாய்ப்பைக் கீரைக்கூடைக்காக விட்டுவிட்டு, திருக்கோவிலூர்ச் சாலையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

கள்ளக்குறிச்சிக்கு மூன்றரைக்கு வந்தோம். பஸ் நிலையத்தில் எழில்மதி தனியாக நின்றது. சுற்றிலும் கோடை விழாக் கூட்டம். நடுவில் முதலாளி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. ராசுவைக் காணவில்லை.

"இன்னா ஆச்சு?" என்று தங்கதுரையைக் கேட்டேன்.

"மொத வளைவுலயே அவனுக்கு வெடவெடன்னு ஆயிடுச்சுண்ணே. 'ஜனமெல்லாம் எறங்கிக்கோங்க, வெயிட்டு ஜாஸ்தி'ன்னான். எறங்குனாங்க. வளைவு ஏறுனதும் ஏத்திக்கினான். அடுத்த வளைவுலயும் எறங்கச் சொன்னான். வெள்ளிமலை வரிக்கும் பாதி மலைய ஜனம் நடந்தே ஏறிச்சு. டிக்கெட்டு காச திருப்பிக் குடுன்னு என் சட்டையப் புடிச்சிக்கினாங்க. கீழ வந்ததும் சாவிய சீட்டுல போட்டுட்டுப் போய்ட்டான். போனு சுவிட்ச் ஆப்பு."

முதலாளி என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "பாஸா பெயிலா?"

"தெரியல மொதலாளி. பெயிலுதான்னு நெனக்கறேன்."

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை அவரால் மறைக்க முடியவில்லை. "சரி சரி, வண்டிய எடு. நானும் வரேன். பேசிக்கினே போலாம்."

மலைக்குக் காரில் போவார். தன் பஸ்ஸில் மலை ஏறி அவரை நான் பார்த்ததில்லை. எனக்குப் பக்கத்தில் என்ஜின் பலகைமேல் துண்டைப் போட்டு உட்கார்ந்தார். வண்டியில் மூச்சுவிட இடமில்லை. நாலு நாற்பதுக்கு எடுத்தேன். கோமுகி அணை தாண்டும்வரை ஊர்க்கதை பேசினார். ஏற்றம் தொடங்கியதும் விஷயத்துக்கு வந்தார்.

"அந்த லைசென்ஸு?"

"பாக்கெட்ல இருக்குது மொதலாளி."

"குடு."

"வண்டி ஓட்டிக்கினு இருக்கேன். மேல போய்ப் பேசலாம்."

முதல் வளைவு வந்தது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினேன். முன்கண்ணாடியில் சாலை மறைந்து வெறும் வானமும் பள்ளமும் தெரிந்தன. முதலாளி கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மாசம் ரெண்டு நா லீவு தரேன்," என்றார்.

நான் கியரை மாற்றினேன். இரண்டாவது வளைவு அதைவிடக் குறுகலானது.

"இந்தப் பால் கேனு ஏத்தற வேலையெல்லாம் இனிமே வேணாம்! வேற ஆளு வெச்சிக்கறேன்!"

"இதப் பெருசா எழுதி பஸ்ஸுல ஒட்டிடலாமா மொதலாளி?" என்றான் படியில் நின்ற தங்கதுரை.

மூன்றாவது வளைவில் எதிரே வேன் வந்தது. நிறுத்தி, ஓர் ஆள் நீளம் பின்னால் எடுத்து வழிவிட்டேன். பின்சக்கரத்துக்குப் பின்னால் எவ்வளவு இடமிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதே!

"வாரம் ஒரு நா லீவு! ஞாயித்துக்கெழம! நீ கோயிலுக்குப் போவணுமில்ல? சம்பளமும் ஏத்தறேன், எவ்ளோன்னு நீயே சொல்லு! ரோட்டப் பாத்து ஓட்டுப்பா!"

காலையைப் போலவே காசிநாதன் எங்களோடு வண்டியில் இருந்தார். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. "டைவரே, ஒத்துக்காதீங்க! இன்னும் வளைவு பாக்கி இருக்குது!"

பஸ் முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் மனது உண்மையிலேயே இழுத்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்றால் தெரசாவோடு பூசைக்குப் போய்விட்டு மதியம் வீட்டில் சாப்பிடுவது. பதினோரு வருடத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம் அப்படிப்பட்ட நாட்களை. பரீட்சையிலோ நான் தோற்றாகிவிட்டது. இதையும் விட்டால் கையில் என்ன இருக்கிறது? வெள்ளிமலை போய்ச் சேரும்வரை இதையே திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளிமலையில் நிறுத்தினேன். ஜனம் இறங்கவில்லை. பதில் கேட்காமல் இறங்குகிற மாதிரி தெரியவில்லை. முதலாளி வேர்வையைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். நான் சட்டைப் பையின் பட்டனைத் திறந்தேன். லைசென்ஸை எடுத்தேன். அந்தக் கிளார்க் காலையில் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த மாதிரியே அவர் கையில் கொடுத்தேன்.

"நல்லா பாத்துக்கோங்க மொதலாளி. பாத்துட்டு எங்கிட்டயே குடுத்துடுங்க."

"இன்னாது?"

"லீவு குடுங்க, சம்பளம் ஏத்துங்க, ரெண்டுக்கும் சந்தோசம். ரிசல்ட்டு வர்ற வரிக்கும் ஒரு டிரிப்பு நிக்காம ஓட்டறேன். ஆனா இது இனிமே பீரோவுக்குப் போவாது."

"பெயிலானா?"

"பெயிலானாலும் எம்பாக்கெட்டுலதான் இருக்கும்."

அவர் லைசென்ஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் அறுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலை இறங்கிப் போக வேறு பஸ் இல்லை. ஓட்ட வேறு ஆளும் இல்லை. திருப்பி என் கையில் வைத்தார்.

"நெஞ்சழுத்தம்யா ஒனக்கு," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எறங்கறப்ப எந்த சீட்டுல ஒக்காந்தா பயம் தெரியாது?" என்று கேட்டார்.

"கண்ண மூடிக்கினா எல்லா சீட்டும் ஒண்ணுதான் மொதலாளி," என்றான் தங்கதுரை.

பத்தொன்பது நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, வடக்கனந்தல் நிறுத்தத்தில் நின்றபோது தங்கதுரையின் போன் அடித்தது. தெரசாதான். விசிலை வாயில் வைத்து ஊதினான். நிறுத்தாமல் ஊதினான். கோழிகள் சிதறின. ஆட்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"இன்னாடா?"

"பாஸுண்ணே! லிஸ்ட்டு வந்துடுச்சு! உங்க நம்பரு இருக்குதாம்! நாளைக்கிக் காலைல பத்து மணிக்கு ஒரிஜினலையெல்லாம் எடுத்துக்கினு வரச் சொல்லிருக்காங்களாம்!"

நாளை காலை பத்து மணி. அசல். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. இருந்தது. கதவைத் திறந்து கீழே குதித்தேன். ஏன் குதித்தேன், எங்கே போகக் குதித்தேன் என்று தெரியவில்லை. பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி ஓடிவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாக யார் யாரோ கை கொடுத்தார்கள். ஓர் அம்மாள் இரண்டு கொய்யாப்பழத்தை மடியில் போட்டார். அந்தப் பேனா அன்றைக்கு எங்கே கழித்தது, எங்கே கூட்டியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

முதலாளிக்கு நானே போன் செய்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னேன்.

"நல்லா இருப்பா," என்றார். மனதோடுதான் சொன்னார். "ஆனா நாளைக்கி வண்டிய யாருய்யா ஓட்டுவான்? ராசுவக் கூப்புடவா?"

"ஐயோ வேணாம்!" என்று பஸ்ஸே கத்தியது.

அப்போது தங்கதுரை தொண்டையைச் செருமினான். டிக்கெட் பையின் அடியில் கையை விட்டு, பிளாஸ்டிக் உறை போட்ட ஒன்றை எடுத்து என் முன்னால் நீட்டினான். ஹெவி லைசென்ஸ். அவன் படம். அவன் பெயர்.

"நாலு மாசமாச்சுண்ணே, எடுத்து. காலி வண்டிய ஷெட்டுல நான்தான் திருப்பி வுடறேன். அஞ்சு வருசமா படியில நின்னுக்கினு ஒவ்வொரு வளைவையும் பாத்துக்கினுதான வரேன்."

"அடப்பாவி! ஏன்டா எங்கிட்ட கூடச் சொல்லல?"

"சொன்னா வாங்கி பீரோவுல வெச்சிடுவாரே!"

போனில் முதலாளியின் குரல் கணீரென்று கேட்டது. "டேய் தங்கதுர! அது இன்னாடா லைசென்ஸு?"

காசிநாதன் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "நாளைக்கி எல்லாரும் செருப்ப நல்லதா போட்டுக்கினு வாங்க, நடக்க வேண்டியிருக்கும்," என்றார். சிரிப்பு அடங்கவே இல்லை.

தங்கதுரை என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டான். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"மொதலாளி," என்றான். "மொதல்ல இந்த ஞாயித்துக்கெழம லீவப் பத்திப் பேசிக்கலாமா?"